வண்டி கழுவும் நிலையத்தில் மின் கோளாறு: கண்டுபிடிக்கும் வழி

(மின்னியல் – மின்னணுவியல் பிரிவு மாணவன், இரண்டாம் ஆண்டு)



மோட்டார், ஸ்டார்ட்டர், எர்த்திங் மூன்றையும் நாம் தனித்தனிப் பாடமாகப் படிக்கிறோம். லேபில் தரை காய்ந்திருக்கும், ரப்பர் மேட் விரித்திருக்கும், ஆசிரியர் பக்கத்தில் நிற்பார். இந்த மூன்றும் ஒரே இடத்தில், தண்ணீரில் நனைந்துகொண்டே, காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். அருப்புக்கோட்டையைச் சுற்றி அதற்குப் பஞ்சமில்லை. மதுரை – தூத்துக்குடி நான்கு வழிச் சாலை (முன்பு 45பி, இப்போது தேசிய நெடுஞ்சாலை 38) நம் ஊரை ஒட்டிப் போகிறது. துறைமுகத்துக்குப் போய்வரும் லாரிகள், பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்கள், திருச்சுழி, நரிக்குடி கிராமங்களிலிருந்து வரும் டிராக்டர்கள் எல்லாம் எங்கேயாவது கழுவத்தானே வேண்டும்!

"குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல வண்டி கழுவுறதைப் பத்தி ஒரு கட்டுரையா?" என்று நம் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஈரத்தில் நின்று கழுவுகிறவனும் நம்ம ஊர்க்காரன்தானே. இந்தக் கட்டுரை அவனுக்காக.

மேல்நாடுகளில் கார் கழுவ ஆள் வைக்காத நிலையங்கள் உண்டு. வண்டிக்காரரே பெட்டியில் நாணயத்தைப் போட்டு, கன்னைக் கையில் எடுத்து, நேரம் முடிவதற்குள் கழுவிக்கொண்டு போய்விடுவார். 'செல்ப் சர்வீஸ்' என்று பெயர். நம் பக்கம் அந்த நாணயப் பெட்டியைக் குடிதண்ணீருக்குத்தான் பார்த்திருக்கிறோம். 5 ரூபாயோ 10 ரூபாயோ போட்டால் 20 லிட்டர் கேன் நிறையும் ஆர்.ஓ. தண்ணீர்ப் பெட்டி. நம்ம ஊர் வாட்டர் சர்வீஸ் பம்பையும் இந்தத் தண்ணீர்ப் பெட்டியையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள், அதுதான் அந்த மேல்நாட்டு மெஷின். இரண்டையும் பழுது பார்க்கத் தெரிந்தால் அதுவும் தெரிந்த மாதிரிதான்.

கரண்ட் வரும் பாதை

முதலில் பாதையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். ஈ.பி. கம்பம், மீட்டர், மெயின் சுவிட்ச், பியூஸ், அங்கிருந்து ஸ்டார்ட்டர், ஸ்டார்ட்டரிலிருந்து கேபிள், கேபிள் முடிவில் மோட்டார். பெரும்பாலும் 5 எச்.பி. அல்லது 7.5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார், நாலு போல், 1440 சுற்று. அது பெல்ட் போட்டு பிளஞ்சர் பம்பைச் சுற்றும். பம்பிலிருந்து பிரஷர் ஓஸ், ஓஸ் முனையில் கன். இது போக, தொட்டிக்குத் தண்ணீர் தர போர்வெல்லில் ஒரு சப்மெர்சிபிள் தனியாக ஓடும்.

மெஷின் நின்றுவிட்டால் நம்மில் பலர் செய்வது என்ன? நின்ற இடத்தையே பார்ப்பது. மோட்டார் ஓடவில்லை, ஆகவே மோட்டாரில் கோளாறு! உடனே டெர்மினல் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்துவிடுவோம். கோளாறு அங்கே இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பாதையின் நடுவில் போய் நின்று, "இங்கே வரைக்கும் வந்துச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நடு என்பது ஸ்டார்ட்டருக்குள் வரும் மூன்று டெர்மினல்கள். அங்கே சரியான வோல்டேஜ் இருந்தால் கம்பம், மீட்டர், பியூஸ் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். இல்லையென்றால் மோட்டாரை மறந்துவிடலாம். ஒரே அளவையில் பாதி வேலை முடிந்தது. மிச்சமிருக்கும் பாதியிலும் மறுபடி நடுவில் போய் அதே கேள்வி.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. நியான் டெஸ்டரை நம்பாதீர்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போய்விட்டால், அந்தப் போன பேஸிலும் வைண்டிங் வழியாக வோல்டேஜ் திரும்பி வரும். டெஸ்டர் மூன்றிலும் எரியும். "மூணு பேஸும் இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம், பத்து நிமிடத்தில் மோட்டார் கருகும். பேஸுக்கும் பேஸுக்கும் இடையில் மீட்டர் வைத்து அளப்பதுதான் முறை: ஆர்–ஒய், ஒய்–பி, பி–ஆர் என மூன்று ஜோடி. மூன்றும் 415-ஐ ஒட்டி, ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இல்லாமல் இருக்க வேண்டும். ஓடும்போதென்றால் டாங் டெஸ்டர் போட்டு ஒவ்வொரு பேஸிலும் ஆம்பியர் பாருங்கள். போன பேஸில் சைபர் காட்டும். டாங் டெஸ்டரை ஏமாற்ற முடியாது.

மீட்டர் வாங்கக் காசில்லாதவர்கள் டெஸ்ட் லாம்ப் கட்டிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பேஸுக்கு நடுவே 230 வோல்ட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் வைத்தால் வெடித்து முகத்தில் அடிக்கும். ஒரே வாட்ஸ் உள்ள இரண்டு பல்புகளை சீரிஸில் கட்டுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அது குறைந்த வோல்டேஜிலும் பளிச்சென்று எரிந்து, எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும். குண்டு பல்பு மங்கினால் வோல்டேஜ் குறைவு என்று கண்ணே சொல்லிவிடும்.

அளந்து முடித்து, கை வைக்கும் முன் மெயினை ஆப் செய்துவிட்டு பியூஸ் கட்டைகள் மூன்றையும் கழற்றி உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். "ஆப் பண்ணியிருக்கு, யாரும் போட்டுறாதீங்க" என்று கத்திச் சொல்வது போதாது. லாரிக்காரர் அவசரத்தில் வருவார், பையன் ஓடிப்போய் சுவிட்சைப் போடுவான்.

ஸ்டார்ட்டருக்குள் என்ன நடக்கிறது?

ஸ்டார்ட்டரில் இரண்டு சர்க்யூட் இருப்பதை நாம் தேர்வில் அழகாக வரைகிறோம். பவர் சர்க்யூட் ஒன்று, கண்ட்ரோல் சர்க்யூட் ஒன்று. கண்ட்ரோல் சர்க்யூட் என்பது ஒரு பேஸில் கிளம்பி, ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன், காயில், ஓவர்லோட் ரிலேயின் 95–96 காண்டாக்ட் வழியாக இன்னொரு பேஸில் முடியும் ஒரு மெல்லிய வயர்தான். நின்றுபோகும் மெஷின்களில் பல இந்த மெல்லிய வயரால்தான் நிற்கின்றன.

பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லையா? காயிலின் ஏ1, ஏ2 இரண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். வோல்டேஜ் வந்தும் காயில் இழுக்கவில்லையென்றால் காயில் போய்விட்டது. வோல்டேஜே வரவில்லையென்றால் ரிலே தட்டியிருக்கிறதா, ஸ்டாப் பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டி கழுவும் இடத்தில் பட்டனுக்குள் தண்ணீர் போய் காண்டாக்ட் பச்சை பூத்துவிடும். நம்ம போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், காய்ந்தாலும் உப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

அழுத்தினால் ஓடுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறதா? ஸ்டார்ட் பட்டனுக்குப் பேரலலாக வரும் ஹோல்டிங் காண்டாக்ட் சேரவில்லை. ஒரு இடத்தில் இதைத் திறந்து பார்த்தபோது உள்ளே காய்ந்துபோன குட்டிப் பல்லி ஒன்று காண்டாக்டுக்கு நடுவில் மாட்டியிருந்தது. புத்தகத்தில் பல்லியைப் பற்றி இல்லை! ராத்திரி ஸ்டார்ட்டர் பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும், பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும். கேபிள் நுழையும் ஓட்டையை கிளாண்ட் போட்டு அடைத்தாலே இந்தக் கோளாறு வராது.

காண்டாக்டர் "டர்ர்ர்" என்று அடித்துக்கொள்வது இன்னொரு வகை. இதற்கு முகத்தில் படிந்த செம்மண் புழுதியும் காரணமாக இருக்கலாம், உடைந்த ஷேடிங் ரிங்கும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஊருக்கு வெளியே, டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி இருக்கும் நிலையங்களில் பெரும்பாலும் வோல்டேஜ் குறைவுதான். காயில் தன் வோல்டேஜில் 85 சதவீதம் வரைக்கும் வேலை செய்ய வேண்டும் என்பது கணக்கு. 415-க்கு அது 353 வோல்ட். சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரோட்டோரம் மீட்டர், உள்ளே 90 மீட்டர் தள்ளி ஷெட். காசு மிச்சம் பிடிக்க 2.5 சதுர மி.மீ. அலுமினிய கேபிள் இழுத்திருக்கிறார்கள். ஒரு வயரின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1 ஓம். 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 7.5 ஆம்பியர்தான். ஆனால் டைரக்டாகக் கிளம்பும்போது ஆறு மடங்கு, 45 ஆம்பியர் இழுக்கும். ஒரு பேஸுக்கு 45 வோல்ட், லைனுக்கு 1.73-ஆல் பெருக்கினால் 78 வோல்ட். கிளம்பும்போது பவர் ஃபேக்டர் குறைவு என்பதால் நிஜத்தில் ஏறக்குறைய பாதி, 39 என்றே வைத்துக்கொள்வோம். சாயங்கால நேரம் மீட்டரில் 380 தான் இருக்கிறது என்றால் ஸ்டார்ட்டருக்கு மிஞ்சுவது 341. காண்டாக்டர் இழுக்கும், மோட்டார் கிளம்பும், வோல்டேஜ் விழும், காண்டாக்டர் விடும், வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். அந்த "டர்ர்ர்" இதுதான். இதற்குப் புதுக் காண்டாக்டர் மாற்றி என்ன பயன்? அதே 90 மீட்டருக்கு 6 சதுர மி.மீ. செம்பு கேபிள் போட்டால் ரெசிஸ்டன்ஸ் நாலில் ஒரு பங்காகிவிடும்.

ரிலே ஏன் தட்டுகிறது?

ஓவர்லோட் ரிலே அடிக்கடி தட்டினால், தட்டுவதைத் தொல்லையாக நினைத்து டயலைத் திருகி ஏற்றிவிடுவது நம்ம ஊர் வழக்கம். அதற்கும் மசியவில்லையென்றால் 95–96-ஐ ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு தட்டாது. எதற்குமே தட்டாது! இப்படி இணைத்திருந்த ஒரு நிலையத்தில் ஒரு பேஸ் பியூஸ் போனதும் மோட்டார் முழுக்கக் கருகி, பத்து நாள் வேலையில்லாமல் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். தினக்கூலி ஆட்களுக்குப் பத்து நாள் என்றால் என்னவென்று நம்மில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தட்டுவதற்குக் காரணம் கண்டுபிடிக்க டாங் டெஸ்டர் ஒன்றே போதும். மூன்று பேஸிலும் ஆம்பியர் சமமாக, ஆனால் அதிகமாக இருந்தால் மோட்டார் மீது பழியில்லை. பம்பின் பைபாஸ் வால்வு சிக்கியிருக்கலாம், பெல்ட் ரொம்ப இறுக்கமாக இருக்கலாம், பேரிங் போயிருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாக ஓட்டுங்கள். ஆம்பியர் நன்றாக இறங்கி, சத்தமும் சுகமாக இருந்தால் கோளாறு பம்பு பக்கம். மின்சாரக்காரன் வேலை அத்தோடு முடிந்தது, பிட்டரைக் கூப்பிடலாம்.

மூன்றும் மூன்று விதமாக இருந்தால் முதலில் சப்ளை வோல்டேஜை அளக்க வேண்டும். அது சமமாக இருந்தால் வைண்டிங்கில் சந்தேகம். ஒன்றில் சைபர், மற்ற இரண்டில் 7.5-க்குப் பதில் 13 என்றால் அது சிங்கிள் பேசிங். நின்றிருக்கும் மோட்டாரை இந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் "ம்ம்ம்" என்று உறுமும், சுற்றாது. சில இடங்களில் பெல்ட்டைக் கையால் இழுத்துச் சுற்றவிட்டு ஓட வைப்பார்கள். விரலும் போகும், மோட்டாரும் போகும். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்ற சின்னப் பெட்டி ரீவைண்டிங் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இதற்கு நேர்மாறான கோளாறு போர்வெல்லில் வரும், அதுவும் நம்மைப் போன்ற வறண்ட பூமியில். சித்திரை, வைகாசியில் போரில் தண்ணீர் இறங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் சப்மெர்சிபிள் ஓடினால் ஆம்பியர் கூடுமா, குறையுமா? வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் கூடும் என்பார்கள். தூக்க வேண்டிய தண்ணீரே இல்லையே, ஆம்பியர் குறையும். அதனால் ஓவர்லோட் ரிலே பேசாமல் இருக்கும். மோட்டார் தன்னைக் குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் சூடேறும், பேரிங் தேயும். ஓவர்லோட் ரிலே இருக்கிறது, பயமில்லை என்று நினைக்கக்கூடாது. குறைந்த ஆம்பியரில் நிறுத்தும் டிரை ரன் பிரிவென்டரோ, போருக்குள் எலெக்ட்ரோடு இறக்கும் லெவல் கார்டோ தேவை. லெவல் கார்டிலும் நம்ம உப்பு விளையாடும். எலெக்ட்ரோடுகளுக்கு நடுவில் உப்புப் படிந்து ஈரமாக இருந்தால், தண்ணீர் இறங்கிய பிறகும் "தண்ணீர் இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கோடைக்கு முன்னால் ஒருமுறை மேலே எடுத்துச் சுரண்ட வேண்டும்.

நாணயப் பெட்டி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேயும் கேள்வி அதேதான்: எது வரை வந்தது? நாணயம் விழுந்ததும் அதைச் சோதிக்கும் அக்செப்டர் ஒரு பல்ஸ் அனுப்பும். கண்ட்ரோல் போர்டு அதை எண்ணி நேரத்தைத் தொடங்கும். போர்டில் உள்ள சின்ன ரிலே பம்பையும் சோலினாய்டு வால்வையும் போடும். நாணயம் விழுந்து டிஸ்பிளேயில் எண் மாறினால் அக்செப்டர் சரி. எண் மாறி, ரிலே "டிக்" என்று தட்டி, தண்ணீர் வரவில்லையென்றால் ரிலே காண்டாக்டிலும் வால்விலும் பாருங்கள். ரிலேயே தட்டவில்லையென்றால் 12 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்.-ஐ அளக்க வேண்டும், அதுவும் லோடு இருக்கும்போது. சும்மா இருக்கையில் 12 காட்டி, ரிலே இழுக்கும் நேரத்தில் 8-க்கு விழும் சப்ளைகள் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் நாணயத்தைத் துப்புகிறதா? பெட்டி மேல் குற்றமில்லாமல் இருக்கலாம். 5 ரூபாய் நாணயம் நம் நாட்டில் பல வடிவில், பல உலோகத்தில் புழங்குகிறது. 2019-ல் புது வரிசை நாணயங்கள் வந்தன. அக்செப்டர் அகலம், கனம், உலோகம் மூன்றையும் தன்னிடம் உள்ள மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பழக்கப்படுத்தாத நாணயத்தைச் செல்லாக்காசு என்று தள்ளிவிடும். குடத்தோடு வந்து நிற்கும் அம்மாவிடம் "உங்க காசு சரியில்லை" என்று சொல்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

எர்த்: முக்கியமான பகுதி

எங்கள் சித்தப்பா மகன் ஒருவர், எனக்கு அண்ணன் முறை, ஒரு வாட்டர் சர்வீஸில் வேலை பார்க்கிறார். "கன்னைப் பிடிச்சா சுள்ளுன்னு இழுக்குதுடா. முதலாளிகிட்ட சொன்னா ரப்பர் செருப்புப் போட்டுக்கன்னு சொல்றாரு" என்றார். செருப்புப் போட்டும் இழுத்தது. ஈரச் செருப்பு எந்த ஊரில் இன்சுலேட்டர்?

கன்னில் கரண்ட் எப்படி வரும், மோட்டார் எங்கேயோ இருக்கிறதே என்று நினைக்கலாம். பிரஷர் ஓஸின் ரப்பருக்குள் பலத்துக்காக இரும்புக் கம்பிப் பின்னல் இருக்கும். மோட்டார் பாடி, பேஸ் பிரேம், பம்பு, ஓஸ் பின்னல், கன் எல்லாம் ஒரே உலோகத் தொடர். உள்ளே ஓடுவதோ உப்புத் தண்ணீர். மோட்டார் டெர்மினல் பெட்டியில் தண்ணீர் தெறித்து ஒரு பேஸ் பாடியைத் தொட்டால் அது நேரே கையில் வரும்.

"எர்த் இருக்குல்ல, பியூஸ் போயிடும்ல" என்பது நாம் எல்லோரும் எழுதும் விடை. நம்ம ஊரில் அது நடக்கிறதா என்று கணக்கில் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலையத்தின் எர்த் குழி 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்பார்மர் நியூட்ரலின் எர்த் 5 ஓம். 230-ஐ 15-ஆல் வகுத்தால் 15 ஆம்பியர். பியூஸ் 20 ஆம்பியர். போகாது! மழைக்காலத்திலேயே போகாது. ஓவர்லோட் ரிலே தட்டினாலும் தட்டலாம், அதுவும் நிமிடக்கணக்கில்.

இப்போது வைகாசிக்கு வாருங்கள். கரிசல் மண் காய்ந்தால் பிளக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். எர்த் பைப்பைச் சுற்றியும் அது அப்படித்தான் பிளந்து விலகும். பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி. 10 ஓம் இருந்த குழி 100 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 230-ஐ 105-ஆல் வகுத்தால் 2.2 ஆம்பியர். ரிலேயும் தட்டாது, பியூஸும் போகாது, மோட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். பாடியில் எவ்வளவு வோல்டேஜ்? 2.2-ஐ 100-ஆல் பெருக்குங்கள்: 220-ஐ ஒட்டி. எர்த் வயர் பார்வைக்கு அழகாகக் கட்டியிருக்கும், ஆனால் கன்னில் முழு பேஸ் நிற்கும். நனைந்த உடம்பின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1000 ஓம் என்று கொண்டால் 0.2 ஆம்பியருக்கு மேல். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம் என்று படித்திருக்கிறோம். இது அதைப் போல இருபது மடங்கு.

அண்ணன் வேலை பார்க்கும் இடத்துக்கு எங்கள் ஆசிரியர் ஒருவர் எர்த் மெக்கரோடு வந்து உதவினார். கன்னுக்கும் ஈரத் தரையில் அடித்த கம்பிக்கும் நடுவே 90 வோல்ட் இருந்தது. மோட்டாரை நிறுத்தி 500 வோல்ட் மெக்கர் போட்டால் வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவில் 1 மெகோம் கூட இல்லை. டெர்மினல் பெட்டியின் கேஸ்கட் போய், உள்ளே ஈரம். பெட்டியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் வைத்ததும் மெகோம் ஏறிவிட்டது. வெயிலாவது நம்ம ஊரில் இலவசம். எர்த் வயர் எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தோம். பேஸ் பிரேமில் பெயின்ட் அடித்த போல்ட்டின் மேலேயே கட்டியிருந்தது, அடியில் உலோகமே தொடவில்லை. குழியோ எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

குழியை எப்படிப் போடுவது? ஐ.எஸ். 3043 சொல்லும் பைப் எர்த்துக்கு உள்விட்டம் 38 மி.மீ.க்குக் குறையாத ஜி.ஐ. பைப், 2.5 மீட்டருக்குக் குறையாத நீளம். சுற்றிலும் கரியும் உப்பும். உப்பு மண்ணின் ரெசிஸ்டன்ஸைக் குறைக்கும், கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். கரியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கப்பா சீமைக்கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் மட்டும்தான். மழையில் நனைந்த கரிமூட்டை பல நாள் எடை குறையாது என்றும், வியாபாரி அதற்குத் தனியாக எடை கழிப்பார் என்றும் எங்கப்பா புலம்புவார். கல்லூரியில் 'கரி ஈரத்தைத் தக்கவைக்கும்' என்று ஆசிரியர் எழுதிப் போட்டபோது எனக்கு அந்த மூட்டைதான் ஞாபகம் வந்தது. கரிக்கு அலைய வேண்டாம், திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் மூட்டம் போடாத பக்கம் குறைவு. உப்பு தூத்துக்குடியிலிருந்து வருகிறது. குறைவது தண்ணீர் மட்டும்தான்.

அதற்கும் வழி இருக்கிறது. வண்டி கழுவிய தண்ணீர் ஓடி வடியும் பக்கமாகக் குழியைப் போட்டால் அந்த மண் கோடையிலும் காயாது. உப்புத் தண்ணீர் ஜி.ஐ. பைப்பைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பது உண்மை. ஆகவே இரண்டு குழி போட்டு இணைத்து, வருடம் ஒருமுறை அளக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்து "5 ஓம், பிரமாதம்" என்று எழுதி வைப்பதில் அர்த்தமில்லை, மே மாதம் அளக்க வேண்டும். சிலர் போர்வெல் கேசிங்கில் எர்த் கட்டுகிறார்கள். இப்போது பல போர்களில் கேசிங் பி.வி.சி. அதில் கட்டுவதும் தென்னை மரத்தில் கட்டுவதும் ஒன்றுதான்!

எவ்வளவு நல்ல குழியானாலும் பியூஸ் போகாது என்று மேலே பார்த்தோமே, அதனால் ஈ.எல்.சி.பி. இல்லாமல் வண்டி கழுவும் மோட்டாரை ஓட்டவே கூடாது என்பது என் கருத்து. நாம் ஈ.எல்.சி.பி. என்று சொன்னாலும் கடையில் கிடைப்பது ஆர்.சி.சி.பி.தான். போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 வினாடிக்குள் தட்டிவிடும், கசிவு அதிகமானால் இன்னும் வேகமாக. காய்ந்த குழியின் 2.2 ஆம்பியர் பியூஸுக்கு ஒன்றுமில்லை, இதற்கு அது எழுபது மடங்கு. பாடியில் 50 வோல்ட் வரும் முன் தட்ட வேண்டும் என்றால் எர்த் எவ்வளவு வரை இருக்கலாம்? 50-ஐ 0.03-ஆல் வகுத்தால் 1,666 ஓம். நம்ம கரிசல் காட்டு வைகாசியைக்கூட அது தாங்கும். அதற்காக எர்த்தே வேண்டாம் என்று அர்த்தமில்லை. எர்த் இருந்தால் கோளாறு வந்த நிமிடமே தட்டும். இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் தட்டும்.

அண்ணன் வேலை பார்க்கும் இடத்தில் நாலு போல் ஆர்.சி.சி.பி. மாட்டிய முதல் நாளே தட்டிக்கொண்டே இருந்தது. "இதைக் கழட்டிப் போட்டுருப்பா, வேலை கெடுது" என்று சத்தம் வந்தது. இப்படித் தட்டினால் கழற்றாதீர்கள், தேடுங்கள். எல்லா லோடையும் பிரித்துவிட்டு ஆர்.சி.சி.பி.யைப் போட வேண்டும். நிற்கிறதா? பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டாகச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்ததும் தட்டுகிறதோ அதில்தான் கசிவு. அங்கே மோட்டாரைச் சேர்த்தும் தட்டவில்லை, சப்மெர்சிபிளைச் சேர்த்தும் தட்டவில்லை. ஷெட்டில் எரியும் ஒரு டியூப் லைட்டைப் போட்டதும் தட்டியது. பழைய வயரிங்கில் யாரோ நியூட்ரல் கிடைக்கவில்லை என்று எர்த் வயரிலிருந்தே நியூட்ரல் எடுத்திருந்தார்கள். போன கரண்ட் ஆர்.சி.சி.பி. வழியாகப் போய், திரும்புவது மண் வழியாக. தட்டாமல் என்ன செய்யும்! அந்த லைட்டுக்கு ஒழுங்கான நியூட்ரல் இழுத்த பிறகு நின்றது. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது இப்போது அண்ணன் பொறுப்பு. பட்டனை அழுத்தியும் தட்டவில்லையென்றால் நியூட்ரல் இணைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல மாடல்களில் நியூட்ரல் இல்லாமல் அந்தப் பட்டன் வேலை செய்யாது. நியூட்ரல் இருந்தும் தட்டவில்லையென்றால் அன்றைக்கே புதிது மாற்றிவிட்டுத்தான் அடுத்த வண்டியை உள்ளே விட வேண்டும்.